குழியின் மேலே நின்ற அந்தச் சில நிமிடங்கள்

தொழிலாளி ஒருவர் கழிவுநீர்த் தொட்டிக்குள் சிக்கியிருக்க, மீட்புக் குழுவினர் அதன் மேலேயே நின்றிருந்த அந்தக் காணொளியை நேற்றிலிருந்து பலரும் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதன் கீழே 'வேடிக்கை பார்க்கிறார்கள்' என்று எழுதியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவர்கள் வேடிக்கை பார்க்கவில்லை. ஒருவர் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குகிறாரே, அது வாயு அளவி, உள்ளே எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி. நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 20.9 சதவீதம், அது 19.5க்குக் கீழே போனால், தனியே காற்றுத் தரும் மூச்சுக் கருவி இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. கழிவு அழுகும்போது உண்டாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடுவதால், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் சில மூச்சுகளில் சாய்ந்துவிடுவார். உள்ளே எத்தனை பேர், குரல் வருகிறதா, ஆளை இறக்கித் தூக்கும் கயிற்றைத் தாங்கும் முக்காலியை எங்கே ஊன்றுவது, இறங்குபவர் மயங்கினால் அவரைத் தூக்கப்போவது யார் என்று கேட்பதும் மீட்புப் பணிதான்.

'அதற்குள் உயிர் போய்விடாதா?' என்பது நியாயமான கேள்வி. மூச்சு நின்றவருக்கு ஒவ்வொரு நிமிடமும் பெரிது. அதனால்தான் அளந்துகொண்டிருக்கும்போதே புளோயர் வைத்து உள்ளே காற்றைச் செலுத்துகிறார்கள். அளக்காமல் குதிப்பதற்கு அந்த அவசரம் காரணமாகாது. மூடிய இடங்களில் நேரும் மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986லேயே எச்சரித்தது.

எங்களுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். மீட்புப் பணியில் இருந்த காலத்தில், தொட்டிக்குள் கிடந்த அண்ணனிடம் போகத் துடித்த தம்பியை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்து நின்றிருக்கிறேன். அவன் என்னை அடித்தான்; 'நீ மனுசனா' என்று கேட்டான். அண்ணனை உயிரோடு எடுக்க முடியவில்லை. இன்றும் அந்தப் பிடியை நான் தளர்த்தியிருக்க மாட்டேன். நெஞ்சில் ஈரம் இல்லாதவனால் அப்படி நிற்க முடியுமா?

கருவி வரும்வரை காத்திருந்தால் கோழை என்கிறீர்கள். குதித்து இறந்தால் மாலை போடுகிறீர்கள். காற்றை அளக்காமல், இடுப்பில் ஒரு கயிறுகூடக் கட்டாமல் அந்தத் தொழிலாளியை முதலில் உள்ளே இறக்கியவர் யார் என்று அத்தனை பின்னூட்டங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர் பெயரைக் கேளுங்கள். மேலே நின்றவர்களை விட்டுவிடுங்கள்.