தண்ணீர் உண்டு, கையெழுத்து இல்லை

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை எடை போட்டு, வங்கிக் கணக்கில் பணம் வந்து சேரும் மாசி மாதத்தில் எங்கள் பக்கம் திடீரென்று உறவுகள் பெருகும். தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காதவர், 'நீங்கள் என் கூடப்பிறந்த அக்கா மாதிரி' என்று திண்ணையில் வந்து உட்காருவார். இப்படிப்பட்டவர்களை எப்படிக் கண்டுகொள்வது என்று மன்னார்குடித் தங்கை ஒருத்தி கேட்டிருந்தாள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கோபப்படுகிறவர்கள் தாராளமாகப் படலாம்.

போலி நெருக்கத்துக்கு எப்போதும் அவசரம் அதிகம். பழகி நாலு நாள் ஆவதற்குள் 'நமக்குள் என்ன ஒளிவுமறைவு' என்பார்கள். பிறகு, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்தகம் போனாள் என்பதை, நாம் கேட்காமலே, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். பதிலுக்கு நம் வீட்டுக் கதை ஒன்று வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுவது அது. 'அப்படியா' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்து பாருங்கள். முகம் வாடும், கதையும் பாதியில் நிற்கும், காபி ஆறுவதற்குள் அவருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

இப்படிப்பட்டவர்களை அடியோடு வெட்டிவிடுங்கள் என்று கைபேசியில் ஆயிரம் பேர் அறிவுரை சொல்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு அது சரிப்படலாம். டெல்டாவில் பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல்தான் பாய்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எத்தனை ஆறு, வாய்க்கால் தாண்டி வந்தாலும், கடைசியில் மேல்வயல்காரர் மடையைத் திறந்தால்தான் என் நாற்று நனையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என் வயல் வடிய வேண்டுமானால் கீழ்வயல்காரர் மனது வைக்க வேண்டும். இவர்களை வெட்டிவிட்டு நான் எங்கே போய் விவசாயம் செய்வது?

அதனால் நான் ஆளை ஒதுக்குவதில்லை, விஷயத்தைத்தான் ஒதுக்குகிறேன். மேல்வயல்காரரோடு தண்ணீர்ப் பேச்சு உண்டு, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் உண்டு, இரவில் உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரி வரைக்கும் துணை உண்டு. கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கிடையாது. என் மகளுக்கு எப்போது வரன் பார்ப்பது என்ற பேச்சும் கிடையாது.

'வெறும் கையெழுத்துதானே அக்கா' என்பார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 128-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. வாங்கியவரை விட்டுவிட்டு வங்கி நேராக நம் வாசலுக்கே வரலாம். அப்போது அந்தத் தம்பி திருப்பூரில் இருப்பார், கைபேசி அணைந்திருக்கும்.

ஜாமீனோ கைமாற்றோ கேட்பவரிடம் மறுக்கும்போது நம்மவர்கள் செய்கிற பெரிய தவறு, காரணம் சொல்வது. 'பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும்' என்றால், 'அது ஆடியில்தானே, நான் ஆனியிலேயே கொடுத்துவிடுகிறேன்' என்பார். எந்தக் காரணத்துக்கும் அவரிடம் ஒரு மாற்று தயாராக இருக்கும். 'பார்க்கலாம்' என்பது அதைவிட மோசம், அடுத்த வாரம் மறுபடியும் காபி போட வேண்டியிருக்கும். 'எனக்கு அந்தப் பழக்கம் இல்லை தம்பி' என்பதோடு நிறுத்திவிட்டால் அவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. என் அம்மாவுக்கு இது பிடிக்காது. 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்பாள். நினைக்கட்டும்.

ஒருமுறை அப்படி மறுத்தபோது மேல்வயல்காரர் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மடையை மட்டும் வழக்கம்போலத் திறந்துவிட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. மறுத்தபிறகும் மிச்சம் இருக்கிற உறவு எதுவோ, அதை நான் நம்புகிறேன்.

வெளியாட்களிடம் இதெல்லாம் சுலபம். 'நம் வீட்டு நகைதானே, அடகு வைத்து மூன்று மாதத்தில் மீட்டுவிடலாம்' என்று புகுந்த வீட்டில் கேட்கும்போது இருபத்தைந்து வயதுப் பெண் என்ன சொல்வாள்? தங்கை உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பொதுவில் வேண்டாம் அம்மா, இன்பாக்ஸில் எழுது.