வாடகை முகங்கள் போதும், ராஜூவுக்கு ஒரு கதை வேண்டும்

பழைய கார்ட்டூன் படங்களை எடுத்து, கையால் வரைந்த முகங்களைத் துடைத்துவிட்டு, நிஜ மனிதர்களையும் நிஜம்போன்ற மிருகங்களையும் வைத்து மறுபடி எடுக்கிற வேலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஹாலிவுட்காரன் எதையோ எடுத்துவிட்டுப் போகிறான், மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி நடத்துகிற உனக்கு என்ன வந்தது என்று என் தங்கை கேட்கிறாள். வந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். தலைப்பில் இருக்கிற ராஜூ, நம் நாட்டு உப்பின் இப்பின் கார்ட்டூனில் வருகிற நம் பையன், அவனிடம் கடைசியில் வருகிறேன்.

2010இல் ஆலிஸ் கதை கோடி கோடியாகச் சம்பாதித்ததிலிருந்து வரிசை நிற்கவே இல்லை. சின்ட்ரெல்லா, மோக்லி, அலாவுதீன், மூலான், கடல்கன்னி. 2025இல் மட்டும் ஸ்னோ ஒயிட், லிலோவும் ஸ்டிச்சும், டிராகனோடு சிநேகமாகும் பையன் என்று மூன்று. அந்த டிராகன் படம் முதலில் வந்ததே 2010இல்தான். 15 வருஷத்தில் அது ‘பழைய படம்’ ஆகிவிட்டதா?

எனக்கு மனசு ஆறாதது சிங்கராஜா கதைதான். 1994 படத்தில் ஸ்கார் புருவத்தைத் தூக்கி, வாயைக் கோணி, ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வையிலேயே அவன் என்ன செய்யப் போகிறான் என்று நாலு வயசுப் பிள்ளைக்குப் புரிந்துவிடும். 2019இல் அதே ஸ்காருக்கு நிஜச் சிங்கத்தின் முகம். தமிழில் அரவிந்த் சுவாமி குரல் கொடுத்தார், குரலில் வஞ்சகம் சொட்டியது. முகத்தில் ஒன்றுமே இல்லை. நிஜச் சிங்கம் அப்படித்தானே இருக்கும், அதற்குப் புருவம் ஏது? மழை பெய்து திடலுக்குப் போக முடியாத ஒரு நாள், பிள்ளைகளுக்கு இரண்டு படத்திலிருந்தும் ஒரே காட்சியைப் போட்டுக் காட்டினேன். பழையதற்கு உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினார்கள். புதியதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், இந்தச் சிங்கம் ஏன் பேசாமலே பேசுது?” இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் கேமராவால் எடுத்தது ஒரே ஒரு காட்சிதான், ஆரம்பத்தில் வருகிற ஆப்பிரிக்கச் சூரிய உதயம். இயக்குநரே வெளியே சொன்ன விஷயம் இது. மீதி எல்லாம் கணினியில் செய்தது. அப்படியென்றால் அதுவும் கார்ட்டூன்தான். சிரிப்பையும் அழுகையையும் எடுத்துவிட்ட கார்ட்டூன். 160 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது.

ஏன் எடுக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்த முகம் என்றால் டிக்கெட் விற்கும், டிக்கெட்டோடு நிற்காமல் பையும் செருப்பும் தண்ணீர்ப் போத்தலும் விற்கும். எங்கள் ஊர் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு சுற்று வாருங்கள், காது நீண்ட நீல ஸ்டிச் தொங்காத கடையே இல்லை. 2002இல் வந்த ஸ்டிச், 2025 புதுப்படத்தில் 100 கோடி டாலரைத் தாண்டினான். அதே வருஷம் ஸ்னோ ஒயிட் படுத்துவிட்டது. 1937இல் உலகமே வாய் பிளந்து பார்த்த படம் அது, அதை யாராவது தொட்டிருக்க வேண்டுமா?

இந்தச் சங்கிலியின் மறுமுனை தீம் பார்க். 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே கணக்கு தெளிவாக இருந்தது. படம் பார்த்த பிள்ளை பூங்காவுக்கு வரும், பூங்காவில் சாப்பிடும், பொம்மை வாங்கும், வீட்டுக்குப் போய் மறுபடி படம் பார்க்கும். அந்தக் கதைகள் அவர்கள் வீட்டுக் கதைகள், அவர்களுக்கு அது ஓடியது. நம் ஊரில் என்ன செய்தோம்? அடுத்தவன் முகத்தை வாடகைக்கு எடுத்தோம்.

கெந்திங் மலை உல்லாசத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் உலகத்தரப் பூங்கா என்று 2013இல் அறிவித்தார்கள். நடுவில் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியது, 2018இல் வழக்கு, அடுத்த வருஷம் சமரசம், கடைசியில் ஸ்கைவோர்ல்ட்ஸ் என்ற பெயரோடு 2022 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. உள்ளே பனியுக யானையும் அணிலும் உண்டு, ரியோ கிளிகள் உண்டு. அவற்றைப் படைத்த ப்ளூ ஸ்கை ஸ்டூடியோவை டிஸ்னி 2021இலேயே மூடிவிட்டது. சவாரிகளில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் கத்தினார்கள். ஆனால் இத்தனை வருஷ இழுபறியும் யாரோ எங்கேயோ ஒரு கம்பெனியை விற்றதால் வந்தது.

நம் பேராக்கிலேயே இதைவிட வேதனையான கதை உண்டு. ஈப்போவின் மேரு ராயாவில் கட்டிய மேப்ஸ் பூங்கா. எங்கள் ஊரிலிருந்து காடியில் அரை மணி நேரம். ஆசியாவின் முதல் அனிமேஷன் பூங்கா என்று சொல்லி 2017 ஜூனில் திறந்தார்கள். பெல்ஜியத்தில் பிறந்த நீல ஸ்மர்ஃப்கள் இருந்தார்கள், நம் நாட்டுக் கார்ட்டூன் நாயகன் போபோய்பாயும் இருந்தான். கூட்டம் போதவில்லை, கடன் ஏறியது, 2020 தொடக்கத்தில் மூடினார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் அங்கே வேலைக்குப் போன பிள்ளைகள் உண்டு. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் குளிர்சாதன அறையில் நல்ல வேலை கிடைத்தது என்று ஊரே பேசியது.

அதே ஈப்போவில் தம்பூன் பூங்கா 2004லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது? வெந்நீர் ஊற்று, சுண்ணாம்புக் குன்று, டூலாங் தட்டில் ஈயம் அலசிக் காட்டும் இடம். எல்லாம் எங்கள் கிந்தா வட்டார மண்ணுக்கே சொந்தமானவை. அதற்கு யாருக்கும் வாடகை கட்ட வேண்டியதில்லை. இரண்டு பூங்காவுக்கும் முதலீடு வேறு, கணக்கு வேறு, அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒன்று நிலைத்ததற்கும் ஒன்று விழுந்ததற்கும் இதுவும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது.

ஒரு பூங்காவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். எந்தப் பூங்கா என்று சொல்லப் போவதில்லை. பள்ளி விடுமுறை, புரட்டாசி மாசம், அம்மா சுத்த சைவம். விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கைக் காரமாக வறுத்து, வாழையிலையை அனலில் வாட்டி, ஆளுக்கொரு பொட்டலமாக அவர் கையாலேயே கட்டியிருந்தார். வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலாளி நம் பையன்தான், இருபது வயசு இருக்கும். “பாட்டி, சாப்பாடு உள்ளே கொண்டு போக முடியாது.” அம்மா குரலை உயர்த்தவில்லை. “சைவம்யா தம்பி. உள்ளே எனக்கு என்ன இருக்கு, நீயே சொல்லு.” அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “ஃபிரைஸ் இருக்கு பாட்டி” என்றான், அம்மா முகத்தைப் பார்க்காமல். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை, பொட்டலத்து வாசனை அவனுக்கும் வீட்டு வாசனைதான். காடி நிறுத்துமிடத்தில், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சிமெண்டு விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம். காலை மணி பத்துகூட ஆகவில்லை, யாருக்கும் பசியே இல்லை. உள்ளே போய், சாயங்காலம் வரை அம்மாவுக்கு அந்த ஃபிரைஸ்தான்.

அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு போகலாம். மது, கண்ணாடிப் போத்தல் மாதிரிச் சிலதுதான் கூடாது. உலகத்திலேயே பணம் பண்ணத் தெரிந்த கம்பெனி, ஒரு பாட்டியின் பொட்டலத்தை உள்ளே விட்டுவிட்டும் பணம் பண்ணுகிறது. அவர்களிடம் காப்பியடிக்க வேண்டியது இதைத்தான். அங்கே சாப்பாட்டையே கதைக்குள் கொண்டு வந்துவிடுகிறார்கள். 1967இல் டிஸ்னிலேண்டில் கடற்கொள்ளையர் படகுச் சவாரியைத் திறந்தபோது, அதே கட்டடத்துக்குள் தண்ணீர்க் கரையோரமாக ஓர் உணவகத்தையும் வைத்தார்கள். படகுகள் பக்கத்தில் மிதந்து போகும், நீங்கள் நிலா வெளிச்சம் போன்ற வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிடுகிறவனும் கதைக்குள்தான் இருக்கிறான்.

நமக்கு அப்படி ஒரு கடை ஏற்கெனவே இருக்கிறது. கார்ட்டூனில் இருக்கிறது. உப்பின் இப்பின் பார்க்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முத்து அங்கிள் ஒட்டுக்கடையைச் சொல்லும். கம்போங் டுரியான் ருந்துவில் அத்தனை பேரும் வந்து உட்காருகிற கடை அது. மகன் ராஜூ, அவனுடைய மாடு சாப்பி. நான் போன பூங்காக்களில் பர்கர் இருந்தது, கோழிக்கறித் துண்டு இருந்தது, வறுத்த சோறு இருந்தது. தோசை இல்லை, ரொட்டி சானாயும் பருப்புக் கறியும் இல்லை, ஒரு குவளை தே தாரிக் டீகூட இல்லை. சைவக்காரர் மட்டுமில்லை, மலாய்க்காரர், சீனர் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே மேசை நம் நாட்டில் ரொட்டி சானாய் மேசைதான். அதை விட்டுவிட்டு எந்தக் குடும்பத்தை நாள் முழுக்க உள்ளே உட்கார வைக்கப் போகிறார்கள்?

இனி நான் சொல்ல வந்தது. நம் நாட்டு கார்ட்டூனில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2007இல் உப்பின் இப்பின் வந்தது, 2011இல் போபோய்பாய் வந்தான், அவனோடு அவன் சிநேகிதன் கோபாலும் வந்தான். கோபால் வாயைத் திறந்து “டேய்” என்று கத்தினால் என் வகுப்பில் மலாய்ப் பிள்ளையும் சேர்ந்து கத்தும். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் கோபாலுக்குக் கிடைத்த சக்தி என்ன? எதையும் சாப்பாட்டுப் பொருளாக மாற்றுவது. முத்து அங்கிளுக்கு என்ன வேலை? சமைப்பது. அன்போடுதான் படைத்திருக்கிறார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம் ஆள் சமைப்பதோடும் சாப்பிடுவதோடும் நின்றுவிடக் கூடாது. 2009இல் வந்த கெங் படத்தில் இதே ராஜூவுக்கு மிருகங்களோடு பேசத் தெரியும். எவ்வளவு பெரிய வரம் அது! ரப்பர் காட்டு ஓரத்தில் வளர்ந்த பையன், மாடு சொல்வதும் குரங்கு சொல்வதும் அவனுக்குப் புரிகிறது. மோக்லிக்காக ஒரு காட்டையே கணினியில் கட்டினார்கள். ராஜூவுக்குக் காடு வாசலிலேயே இருக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இந்த நாட்டின் முதல் கார்ட்டூன் குறும்படம் எது தெரியுமா? ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’. சருகுமான் கதை. அரசாங்கத் திரைப்பட நிறுவனமான ஃபிலம் நெகாராவில் வேலை பார்த்த ஆனந்தம் சேவியர் இயக்கியது. பெயரைப் பாருங்கள், தமிழ்ப் பெயர். 1978இல் முடித்த படம், 1983இல்தான் அரசாங்கத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் வந்தது. நொடிக்கு 24 சட்டகம் ஓடுகிற காலம், சிக்கனமாக எடுத்தாலும் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு ஓவியம் வரைய வேண்டும், அத்தனையும் கையால். எங்கள் தோட்டத்தில் கிராணி வீட்டு வாசற்படியில் நெருக்கியடித்து உட்கார்ந்து அந்தச் சருகுமானைப் பார்த்திருக்கிறோம். முதலைகளை ஏமாற்றி ஆற்றைக் கடந்த சருகுமான் கதையைத் தூங்க வைக்க எங்கள் பாட்டியும் சொல்வார், மலாய்க் கதையென்றும் தமிழ்க் கதையென்றும் எங்களுக்கு வித்தியாசமே தெரியாது. படத்தைச் செய்தவர் பெயரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தமிழ்ப்பள்ளியிலும் சொல்லவில்லை. அனிமேஷனுக்கென்றே நம் மாநிலத்தில் பூங்கா கட்டியபோது, வாசலில் நிற்க வேண்டிய பெயர் அதுதான்.

மறு ஆக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1998இல் ஆர்டிஎம்மில் வந்த கெலுவாங் மேன் கார்ட்டூனை 2025இல் நிஜ நடிகர்களை வைத்துத் திரைக்குக் கொண்டு வந்தார்கள். சிறுவயசில் பார்த்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நம்முடையதை நாம் திரும்ப எடுத்தால் எனக்கு முழுச் சம்மதம். சருகுமானைத் திரும்ப எடுங்கள், ஆனால் வரைந்து எடுங்கள், அதற்குப் புருவம் இருக்கட்டும். முதல் சட்டகத்தில் ஆனந்தம் சேவியர் பெயரைப் போடுங்கள். நான்கு மொழியில் குரல் கொடுங்கள், தமிழ்க் குரலுக்கு நம் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், சென்னைக்குப் போக வேண்டாம். அடுத்து யாராவது பூங்கா கட்டுவதாக இருந்தால் முத்து அங்கிள் கடையை நடுவில் வையுங்கள், பாட்டிமார் பொட்டலத்தோடு உள்ளே வரட்டும்.

உப்பின் இப்பின் எடுக்கிற லெஸ் கோப்பாக்குக்கும் போபோய்பாய் எடுக்கிற மொன்ஸ்டாவுக்கும் நான் மலாயில் எழுதுகிறேன். ராஜூ நாயகனாக ஒரு முழுப்படம், கோபாலுக்குச் சாப்பாட்டைத் தாண்டி ஒரு கதை, இரண்டே கோரிக்கை. ஆசிரியர்களாக இருப்பவர்கள் உங்கள் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த ராஜூ, கோபால் படங்களைக் கீழே போடுங்கள், எல்லாவற்றையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். ஆனந்தம் சேவியரோடு வேலை செய்தவர்களோ, அவர் குடும்பத்தாரோ இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். அவர் எப்படி வரைந்தார், யார் உதவினார்கள் என்று கேட்டு எழுதி, எங்கள் பாலர் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.