பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொன்ன தம்பிக்கு

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். நமக்கு ஏன் வம்பு என்றுதான் இருந்தேன். இன்று காலை அந்த ஸ்கிரீன்ஷாட்டை நான்காவது ஆளாக ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பி, கூடவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

எந்த ஸ்கிரீன்ஷாட் என்று உங்களுக்கே தெரியும். டைப்பிங் கடை வைத்திருக்கும் அந்த அக்கா நம் கம்ப்யூட்டர் குழுவில் கேட்ட கேள்வி. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது, செலவு கம்மியாக ஒரு வழி சொல்லுங்கள் தம்பிகளா. இவ்வளவுதான் கேட்டார். முதல் பதிலே "பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க". அதற்குக் கீழே எண்பது பேர் சிரித்து வைத்திருந்தார்கள். அக்காவும் "சரி தம்பி" என்று எழுதி ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டார். இரவுக்குள் கேள்வியையே அழித்துவிட்டார். அழித்த பிறகும் விடாமல், படம் பிடித்து வைத்திருந்த ஒருவர் தன் பக்கத்தில் போட்டு மறுபடி ஒரு சுற்று சிரிப்பு.

ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போடு என்று சொல்வது அறிவுரை ஆகாது. இதைத்தான் சொல்ல வந்தேன், இந்தப் பதிவு முழுக்க இதையேதான் சொல்லப் போகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி இரவு அந்த அக்காவின் கம்ப்யூட்டரில் எதுவும் உடையவில்லை. பிராசஸர் அதேதான், மதர்போர்டு அதேதான், மறுநாள் காலை அதே வேகத்தில்தான் ஆன் ஆகியிருக்கும். நின்றுபோனது மைக்ரோசாஃப்ட் இலவசமாக அனுப்பிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஒரு நிறுவனம் தன் நாட்காட்டியில் ஒரு தேதியை வட்டம் போட்டதால் ஒரு பொருள் குப்பை ஆகிவிடாது. அந்தத் தேதியும் நாம் நினைப்பது போலக் கல்வெட்டு இல்லை. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அவர்களிடம் பேக்கப் வைத்தால் காசில்லாமலே கிடைக்கும். அக்காவுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும், ஒரு வருடம் மூச்சுவிட்டிருப்பார். எண்பது பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே! தெரியாமல் இல்லை, பாதிப் பேருக்குத் தெரியும், அதில் நாலைந்து பேர் ஐடி கம்பெனியில் இருக்கிறார்கள்.

"அந்த மெஷின்ல விண்டோஸ் 11 ஏறாது, அதனாலதான் சொன்னேன்" என்று பிறகு ஒரு விளக்கம் வந்தது. சரி, ஏறாது. ஏன் ஏறாது என்று யோசித்தீர்களா தம்பி? டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் என்று 2021-இல் கோடு போட்டார்கள். எட்டாம் தலைமுறை வந்ததே 2017-இல்தான். அதாவது நாலு வருடப் பழசுகூட வெளியே. ஏழாம் தலைமுறையில் டிபிஎம் 2.0 இருந்தாலும் வெளியே. அதே ஏழாம் தலைமுறையில் சில சிப்புகளை மட்டும் அந்த ஆகஸ்டில் உள்ளே சேர்த்தார்கள், அதில் ஒன்று ஐ7-7820எச்க்யூ. அது மைக்ரோசாஃப்ட் தானே விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருந்த சிப். கோட்டை எங்கே போட வேண்டும் என்று தொழில்நுட்பம் மட்டும் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்வது? 2015-இல் சிகாகோ மாநாட்டில் அவர்களுடைய ஆளே மேடையில் நின்று விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்ற பொருளில் பேசினார். அதே வருடம் விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக 10 கொடுத்தார்கள். ஊரில் பாதி டைப்பிங் கடைகள் 10-க்கு வந்தது அந்த வழியில்தான். அந்தப் பேச்சை நம்பி வந்தவர்களைப் பார்த்து இப்போது சிரிப்பது என்ன நியாயம்?

அடுத்து எல்லோரும் தூக்கிக்கொண்டு வருவது பாதுகாப்பு. "திருத்தம் வராத விண்டோஸ் ஆபத்து, உங்களுக்குத் தெரியாதா?" தெரியும். ஆபத்துதான், மறுக்கவில்லை. நீட்டிப்பும் வாங்காமல் அதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள் என்றுதான் என் வீட்டிலும் சொல்வேன். ஆனால் 2017-இல் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பற்றிப் பேசும்போதெல்லாம் "பழைய எக்ஸ்பி வச்சிருந்தவன் மாட்டினான்" என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் திரும்பப் படியுங்கள். மே மாதம் தாக்கியது, திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 என்று ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கி கணக்கு காட்டியது. புது மெஷினா பழைய மெஷினா என்பதைவிட, வந்த திருத்தத்தைப் போட்டார்களா என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது. பாதுகாப்பில் உங்களுக்கு நிஜமாகவே அக்கறை இருந்தால் அக்காவிடம் சொல்ல வேண்டியது நீட்டிப்பைப் பற்றி. பேரீச்சம்பழத்தைப் பற்றி இல்லை.

"நீ லினக்ஸ் வெறியன், அதனால்தான் குதிக்கிறாய்" என்று எழுதப் போகிறவருக்கு: நான் அந்த அக்காவுக்கு விண்டோஸை எடுத்துவிட்டு இலவச லினக்ஸ் போடச் சொல்லவே மாட்டேன். இதைப் படிக்கிற லினக்ஸ் நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாவது பதில் உங்களில் ஒருவருடையது, லினக்ஸில் ஒரு வகையான மின்ட்டைச் சொல்லி, "மின்ட் போடுங்க, முடிஞ்சது" என்று. எப்படி முடியும்? அவர் கடையில் ஓடுவது பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7. 2001-இல் வந்தது, இன்று எல்லாக் கருவியிலும் தமிழ் தெரிய வைக்கும் யூனிகோட் அதற்குத் தெரியாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த இருபது வருட ஃபைல்கள் அதற்குள் கிடக்கும், கல்யாணப் பத்திரிகை, கோர்ட் மனு, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம். பழைய லேசர் பிரின்டர் ஒன்று இருக்கும், அதன் டிரைவர் சிடி எங்கோ தொலைந்திருக்கும். அந்த மெஷின்தான் அவருடைய கடை. வீட்டில் படம் பார்க்கவும் பிள்ளை படிக்கவும் என்றால் மின்ட் அருமையாக ஓடும், என் அண்ணன் மகளுக்கு நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவள் லேப்டாப் அரசு கொடுத்த பழைய லேப்டாப், அவள் அக்கா பள்ளிக்கூடத்தில் வாங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, நம் நாட்டிலேயே உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆனால் ஆளைப் பார்த்து, வேலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது திருப்பிக் கேட்டீர்களா?

போன மாதம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணாச்சி கடையில் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, எல்லாவற்றிலும் பாதுகாப்பு இல்லை என்று சிவப்பாக வருகிறது. யாரோ ஒருவர் வந்து பார்த்து "மெஷின் செத்துருச்சு, புதுசு வாங்குங்க, நாப்பதாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் பிரின்ட் எடுக்கப் போனவன். திரையின் வலது ஓரத்தில் பார்த்தேன், தேதி 2009 ஜனவரி 1. மூடியைக் கழற்றினோம். உள்ளே பஞ்சு மாதிரி தூசி, அதற்கு நடுவில் ஒரு செத்துப்போன பல்லி. மதர்போர்டில் நாலணா அளவு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்து எத்தனை நாளோ. தேதி பின்னால் போனதால் எந்த சைட்டின் சான்றிதழும் பிரவுசருக்குப் பொய்யாகத் தெரிந்திருக்கிறது. எதிரில் வாட்ச் கடையில் முப்பது ரூபாய்க்குப் புது பேட்டரி. ரேமைக் கழற்றி, அண்ணாச்சி மகனின் பென்சில் ரப்பரை வாங்கி அந்தத் தங்கக் கால்களைத் தேய்த்து, ஊதிவிட்டு மாட்டினோம். ஆன் பண்ணியதும் ஒரு பீப், தேதியைச் சரிசெய்ததும் சைட்டுகள் திறந்தன. அண்ணாச்சி பேசவே இல்லை, உள்ளே போய் எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு வந்தார். நாற்பதாயிரத்துக்கும் முப்பது ரூபாய்க்கும் நடுவில் இருந்தது மூடியைத் திறந்து பார்க்கும் பொறுமை மட்டும்தான்.

"இ.எம்.ஐ.ல வாங்கிக்கலாமே, மாசம் ரெண்டாயிரம்தானே" என்று ஒருவர். இதற்குத்தான் எனக்கு அதிகம் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று டைப் அடித்து வாங்குகிறவருக்கு இரண்டாயிரம் என்பது எத்தனை பக்கம்? அதுவும் இப்போது விலை தெரியுமா? 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? சிப்பை எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்கள் இழுத்துக்கொள்கின்றன. குரூசியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் ரேமும், எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கும் விற்ற மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டு விலகுகிறேன் என்று 2025 டிசம்பரில் அறிவித்தது. ரேம் விலை ஏறினால் லேப்டாப் விலையும் கூடவே ஏறும். இப்படி ஒரு நேரத்தில் ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போடச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

தூக்கிப் போட்டால் அது எங்கே போகிறது என்பது தனிக் கதை. 2022-இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்கழிவு, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் இருப்பது 22.3 சதவீதம் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொன்னது. மீதிக்குக் கணக்கே இல்லை, அதில் எவ்வளவோ எங்கோ எரிகிறது, மண்ணில் இறங்குகிறது.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2003, நான் பிளஸ் ஒன். அப்பா மர அறுவை மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று மஞ்சப்பையில் ஒன்பதாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு டவுனில் ஒரு ஏசி கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த பையன், என்னைவிட நாலைந்து வயது மூத்தவன், "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்றான். அப்பா சொன்னார். "அதுக்கு கால்குலேட்டர்தான் சார் வரும்" என்று அவன் சொன்னதும் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். மஞ்சப்பையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு "வர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா போட்ட அந்தச் சிரிக்கிற பொம்மையைப் பார்த்ததும் எனக்கு வந்தது அப்பாவின் முகம். அவமானப்பட்டவர்கள்கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் போவார்கள் தம்பி. அதை நீங்கள் "அவங்களே ஜாலியா எடுத்துக்கிட்டாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் எங்கள் தெரு முனை பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இருந்து பார்ட் பார்ட்டாக வாங்கி வந்து ஒரு பழைய பென்டியம் 3 மெஷினைச் சேர்த்துக் கொடுத்தார். எட்டாயிரத்து ஐந்நூறு ஆனது, 128 எம்பி ரேம், விண்டோஸ் 98. மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தேன், கால் இரண்டும் மரத்துப்போனது. ஐந்நூறு ரூபாய் மிச்சத்தை அப்பாவிடம் எண்ணிக் கொடுத்த அந்த அண்ணன் ஒரு தடவைகூட "இது பழசு" என்று சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அது நின்றுபோகும், சைக்கிளில் கேபினட்டைக் கட்டிக்கொண்டு போவேன், அவர் திறந்து காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுப்பார். எனக்குத் தெரிந்த எல்லாமும் அந்த மூடி திறந்த மெஷினில் கற்றது. இன்று நான் சாப்பிடும் சோறும் அதில் வந்ததுதான். அன்றைக்கு அவரும் பேரீச்சம்பழம் என்று சொல்லியிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன்?

அந்தக் காலத்தில் தெரியாத ஒன்றைக் கேட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. ஃபான்ட் வரவில்லை, கட்டம் கட்டமாக வருகிறது என்று ஒருவர் எழுதினால், முகம் தெரியாத இன்னொருவர் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து படிப்படியாக எழுதுவார். தமிழ் இணையத்துக்கு வந்தது இப்படிப்பட்டவர்கள் தோளில்தான். யாரும் அவர்களுக்குக் காசு கொடுக்கவில்லை. இப்போது எல்லோர் கையிலும் எல்லாம் இருக்கிறது, கேட்டவரிடம் ஒரு வரி சொல்லத்தான் மனசு இல்லை, சிரிப்பு மட்டும் உடனே வந்துவிடுகிறது. நம் குழுவின் பெயரில் "உதவி" என்ற சொல் இருக்கிறது என்பதையாவது அட்மின்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். "ஒரு ஜோக்குக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்று கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவு பெரிய பதிவுதான்.

அக்கா, நீங்கள் குழுவை விட்டே போய்விட்டீர்களா என்று தெரியவில்லை. யாராவது இதை உங்களிடம் காட்டினால், முதலில் செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தைத் திறந்து நீட்டிப்புக்குப் பதிவு செய்துவிடுங்கள். பேஜ்மேக்கர் ஃபைல்கள் அனைத்தையும் ஒரு பென்டிரைவில் இன்றைக்கே எடுத்து வையுங்கள், இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். இன்னும் ஹார்டு டிஸ்க்தான் என்றால் ஒரு சின்ன எஸ்எஸ்டி மாற்றினாலே ஆன் ஆகும் வேகத்தில் உங்களுக்கு வித்தியாசம் தெரியும். உங்கள் மெஷினுக்குப் பொருந்தும் டிடிஆர்3 வகை 4 ஜிபி ரேம் ஒன்று என் மேசை டிராயரில் சும்மா கிடக்கிறது, கொரியரில் அனுப்புகிறேன், காசு எதுவும் வேண்டாம். மூடியைத் திறந்து ரேம் மாட்டும் இடம் இன்னொன்று காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து இன்பாக்ஸில் ஒரு போட்டோ அனுப்புங்கள்.