ஒப்புதல் கையெழுத்து போன பிறகு ஆர்க்கிடெக்டுக்கு என்ன வேலை?

ஒரு நிறுவனத்தில் புதிய மென்பொருளுக்கு சர்வர் வேண்டுமென்றால், முன்பெல்லாம் அந்தக் கோரிக்கை, நிறுவனத்தின் மொத்தக் கணினி அமைப்பின் வடிவமைப்பையும் மேற்பார்க்கும் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டின் கையெழுத்து இல்லாமல் நகராது. மூன்று ஆண்டுகள் கழித்து எவ்வளவு சுமை வரும் என்று அன்றைக்கே கணித்து, அதற்கேற்ற இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்து, அவை வந்து சேரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, டேட்டா சென்டரில் பொருத்தவேண்டியிருந்த காலம் அது. தவறானதை வாங்கிவிட்டால் அதோடுதான் பல ஆண்டுகள் ஓட்டவேண்டும் என்பதால், வாங்குவதற்கு முன் ஒரு குழு உட்கார்ந்து வரைபடங்களைத் துருவிக் கேட்டதில் நியாயம் இருந்தது. அத்தகைய ரிவியூ குழுக்களில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அந்த எச்சரிக்கையை வெறும் சிவப்பு நாடா என்று இன்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த எச்சரிக்கை எந்த நிலைமையிலிருந்து பிறந்ததோ, அந்த நிலைமை போய்விட்டது. நிறுவனக் கணினி அமைப்புகளை வகைப்படுத்தி விவரிக்க ஜான் ஸாக்மன் தமது கட்டமைப்புச் சட்டகத்தை வெளியிட்டது 1987இல். ஆர்க்கிடெக்டுகள் பின்பற்றும் இன்னொரு சட்டகமான டோகாஃப் முதலில் வந்தது 1995இல். இரண்டும் கணினி வளம் அரிதாகவும் மெதுவாகவும் கிடைத்த உலகத்தில் உருவானவை. அமேசான் 2006 மார்ச்சில் சேமிப்புச் சேவையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் சோதனை வடிவில் வாடகை சர்வர்களையும் அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011இல் கிளவுடுக்கு, அதாவது இணையம்வழி வாடகைக்குக் கிடைக்கும் கணினி வளத்துக்கு, வகுத்த வரையறையில் ஐந்து அடிப்படைப் பண்புகள் உள்ளன. அவற்றுள் முதலாவது, சேவை தருபவரின் ஆள் யாரையும் அணுகாமல் வேண்டியதை வேண்டியபோது பயனரே எடுத்துக்கொள்ளலாம் என்பது. எங்கள் அதிகாரத்தின் வேர் அந்த இடத்தில் அறுந்தது. எங்கள் சொல்லுக்கு அதுவரை இருந்த மதிப்பில் பெரும்பகுதி எங்கள் அறிவுக்காகக் கிடைத்ததல்ல, இயந்திரமும் பணமும் எங்கள் வழியாகப் போனதால் கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இது கண்முன்னே நடந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடும் எங்கள் குழுவுக்காகக் காத்திருந்து சலித்த ஓர் அணி, தானே ஒரு கிளவுட் கணக்கைத் திறந்து மென்பொருளை ஓடவிட்டிருந்தது. நான்கு மாதம் கழித்து நிதிப் பிரிவுக்கு பில் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கோபத்தோடுதான் பரிசோதிக்கப் போனேன். அவர்களுடைய வடிவமைப்பு பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. பிழைகள் இரண்டு: வாடிக்கையாளர் தரவு சட்டப் பிரிவு ஒப்புக்கொள்ளாத ஒரு நாட்டில் சேமிக்கப்பட்டிருந்தது, அணியிலிருந்த எல்லோருக்கும் அந்தக் கணக்கில் முழு நிர்வாக உரிமை இருந்தது. எங்கள் ரிவியூ படிவத்தில் கேள்விகள் ஏராளம். இந்த இரண்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அவர்கள் எங்களிடம் முறைப்படி வந்திருந்தாலும் நாங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டோம் என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

அதைச் சரிசெய்தபோது சர்வர்களை வேறு கணக்கில் மறுபடி எழுப்ப ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. தரவை இடம் மாற்றிமுடிக்க ஓர் ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆனது. கிளவுடில் ஆர்க்கிடெக்டின் கவனம் எங்கே இருக்கவேண்டும் என்பதை நான் இந்த வேறுபாட்டை வைத்தே முடிவு செய்கிறேன். சர்வரின் அளவு, நிரலாக்க மொழி, எந்த லைப்ரரி என்பவற்றையெல்லாம் அணியே தீர்மானிக்கட்டும்; தவறினால் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். தரவு எந்த நாட்டில் இருக்கும், அடையாளமும் அனுமதியும் எங்கிருந்து வரும், கணக்குகளின் எல்லை எப்படிப் பிரியும், நெட்வொர்க்கில் இயந்திரங்களை அடையாளம் காட்டும் ஐபி முகவரிகளின் வரம்புகள் ஒன்றோடொன்று மோதாமல் எப்படி ஒதுக்கப்படும் என்பவை அப்படிப்பட்டவையல்ல. இரண்டு நெட்வொர்க்குகளை இணைக்க வேண்டிய நாளில் இரண்டும் ஒரே முகவரி வரம்பில் இருப்பதைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். சட்டமும் நமக்காக நிற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 ஜூலையில், ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தரவு அனுப்புவதற்கான பிரைவசி ஷீல்டு ஏற்பாட்டைச் செல்லாது என்று அறிவித்தபோது, அதை மட்டும் நம்பி எடுக்கப்பட்ட வடிவமைப்பு முடிவுகள் ஒரே நாளில் ஆதாரம் இழந்தன. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பற்றியபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் இழந்தார்கள்.

ஒரே சேவையாளரிடம் சிக்கிக்கொள்வதைப் பற்றியும் சொல்லவேண்டும். 2024இன் தொடக்கத்தில் கூகுளும் அமேசானும், முழுவதுமாக விலகிப்போகும் வாடிக்கையாளர்களிடம் தரவை வெளியே எடுப்பதற்கான கட்டணத்தை வாங்கப்போவதில்லை என்று அறிவித்தன. வரவேற்கிறேன். எனினும் தரவு வெளியே வருவதும் மென்பொருள் வெளியே வருவதும் ஒன்றாகாது. ஒரு குறிப்பிட்ட டேட்டாபேஸ் சேவையின் போக்குக்கேற்ப எழுதப்பட்ட நிரல் அந்தச் சேவையை விட்டு எளிதில் பிரியாது.

விதிகளை எங்கே எழுதுகிறோம் என்பதும் மாறியாகவேண்டும். சேமிப்பகம் பொதுவெளிக்குத் திறந்திருக்கக் கூடாது என்று நாற்பது பக்க ஆவணத்தில் எழுதி வைப்பதைவிட, திறக்க முயன்றால் மறுத்துவிடும் ஒரு கொள்கையை நிரலாகவே எழுதி எல்லாக் கணக்குகளிலும் நிறுத்துவது மேல். 2019இல் கேப்பிட்டல் ஒன் வங்கியில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 10 கோடிப் பேரின் தகவல் கசிந்ததற்கு, தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வாலும் (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வடிகட்டும் தடுப்பு) தேவைக்கு மிஞ்சிய அனுமதிகளும் வழிவிட்டன. இத்தகைய பிழை பெட்டிகளும் அம்புக்குறிகளும் கொண்ட வரைபடத்தில் தெரியாது, கான்ஃபிகரேஷன் கோப்பில்தான் தெரியும். சர்வர், நெட்வொர்க் போன்றவற்றின் அமைப்பை நிரலாக எழுதும் டெராஃபார்ம் என்ற கருவியின் கோப்பொன்றைத் திறந்து வாசிக்கத் தெரியாத ஆர்க்கிடெக்ட், கிளவுட் வடிவமைப்புக்கு ஒப்புதல் தரக்கூடாது என்பது என் கருத்து. கடுமையாகத் தோன்றலாம், நானும் தாமதமாகக் கற்றவன்தான், கற்க முடியும்.

அப்படியானால் அணிகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும், ஆர்க்கிடெக்ட் எதற்கு என்று இளைய நண்பர்கள் கேட்கிறார்கள். ஓர் அமைப்பின் தகவல்தொடர்பு எப்படியோ அது உருவாக்கும் வடிவமைப்பும் அப்படியே அமையும் என்று கணினி அறிவியலாளர் மெல்வின் கான்வே 1968இலேயே எழுதினார். இருபது அணிகள் தனித்தனியே சரியாக முடிவெடுத்தாலும், அவற்றுக்கு நடுவே ஒரே வாடிக்கையாளருக்கு ஐந்து அடையாளங்கள் உருவாகிவிடும். அந்த நடு இடம் எந்த அணியின் பட்ஜெட்டிலும் வராது. அதைப் பார்க்க ஒருவர் வேண்டும், ஆனால் முடிவைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவராக அவர் இருக்கக் கூடாது. எந்தச் சூழலில் முடிவெடுத்தோம், எதை ஏன் ஒதுக்கினோம் என்பதை ஒரு பக்கத்தில் தேதியோடு எழுதி, நிரலுக்குப் பக்கத்திலேயே வைக்கவேண்டும். மாதாந்திர பில் வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து ஒப்பிடவும் வேண்டும்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன்: நாங்கள் ஒப்புதல் அளித்த சிஸ்டம் நள்ளிரவில் விழுந்தால், மறுநாள் காரணம் ஆராயும் கூட்டத்தில் ஒப்புதல் அளித்த ஆர்க்கிடெக்டும் உட்காரவேண்டும். சக ஆர்க்கிடெக்டுகள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நான் மூன்று கூட்டங்களுக்குப் போய்விட்டேன்; மூன்றாவதில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே எழுதிய ஒரு விதியை நீக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.