லாபம் வந்தால் மட்டும் வாய் திறக்கும் கணக்கு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஹெட்ஜ் ஃபண்ட் (பணக்காரர்களிடம் பணம் திரட்டி முதலீடு செய்யும் தனியார் நிதி) கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்டதையும், அதற்கு வந்த பதிலையும் புலனத்தில் (வாட்ஸ்அப்) எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். "கேள்வி கேட்டுக் கேட்டே நம்மாட்கள் முன்னேறாமல் போனார்கள்" என்று அங்கே பேசிய முதலீட்டு ஆலோசகர் அண்ணன் சொன்னதற்குக் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. சரி, போகட்டும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஹெட்ஜ் ஃபண்டுகளின் சராசரி லாபம் என்று ஒரு படம் போட்டாரே, அதில் யார் யார் கணக்கு இருக்கிறது?

பொதுமக்கள் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் நம் ஊர் யூனிட் டிரஸ்ட் விலையை வெளியிட்டே ஆக வேண்டும். ஹெட்ஜ் ஃபண்ட் அப்படியில்லை. யூரேகாஹெட்ஜ், எச்எஃப்ஆர் மாதிரி தரவு நிறுவனங்களுக்கு இஷ்டப்பட்டால் கணக்குக் கொடுப்பார்கள், இஷ்டமில்லாவிட்டால் நிறுத்திக்கொள்வார்கள். அமெரிக்காவில் 2013 வரை இவர்கள் பொதுவில் விளம்பரமே செய்ய முடியாது. பணக்காரர் கண்ணில் பட இந்தத் தரவு நிறுவனங்களின் பட்டியல் ஒரு வழி. அப்படியென்றால் எப்போது சேருவார்கள்? கையில் லாபம் பார்த்த பிறகுதான். சேரும்போது பழைய நல்ல வருடங்களும் கூடவே உள்ளே ஏறிவிடும். அதே நேரத்தில் ஆரம்பித்து மண்ணைக் கவ்விய ஃபண்ட் பட்டியல் பக்கமே வராது. இதைத்தான் கேட்டேன். இது எதிர்மறைப் பேச்சாம்!

"நன்றாக ஓடும் ஃபண்டும்தான் கணக்குச் சொல்வதில்லை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான். பணம் போதும் என்று கதவைச் சாத்தியவனுக்கு விளம்பரம் எதற்கு? ஆனால் அந்தக் கதவு நமக்குத் திறக்காது தம்பி.

"அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுக்கிறார்களே?" அமெரிக்காவில் 2012லிருந்து பெரிய ஃபண்டுக்காரர்கள் கொடுக்கிறார்கள். அது ரகசியம். நீங்களும் நானும் பார்க்க முடியாது.

பட்டர்வொர்த்தில் என் பெரியம்மா மகன் பங்கு வியாபாரம் செய்தார். லாபம் வந்த மாதமெல்லாம் குடும்பக் குழுவில் படம் வரும். அதை நம்பித் தங்கச்சி, கோவிட் காலத்து ஐ-சினார் திட்டத்தில் எடுத்த சேமநிதிப் பணத்தைக் கொடுத்தாள். ஒரு மாதம் படம் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. கேட்டால் வேலை அதிகமாம். அவர் பொய் சொல்லவில்லை, போட்ட படமெல்லாம் நிஜம். போடாத மாதங்களில்தான் தங்கச்சி பணம் போனது. அன்றைக்கும் நான் கேட்டேன், அன்றைக்கும் பொறாமை பிடித்தவன் என்றார்கள்.

இப்போது, "கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவனுக்கு ஹெட்ஜ் ஃபண்ட் என்ன தெரியும்?" என்று ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. நோபல் வாங்கிய இரண்டு பேர் உள்ளே இருந்தும் 1998இல் எல்டிசிஎம் என்ற அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்ட் கவிழ்ந்தது. கடைசியில் 14 வங்கிகள் 360 கோடி டாலர் போட்டுத் தாங்கிப்பிடித்தன. படிப்பைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம். முப்பது வருடம் பிறர் கணக்கு எழுதிச் சோறு தின்றவன் நான். விடுபட்ட பக்கம் எது என்று பார்ப்பதுதான் அந்த வேலையே.

அண்ணே, படத்தில் உள்ள ஒவ்வொரு ஃபண்டும் எந்தத் தேதியில் பட்டியலில் சேர்ந்தது, இடையில் எத்தனை நின்றுபோயின, இந்த இரண்டையும் குழுவில் போடுங்கள். போட்ட அன்றே இந்தப் பதிவை நானே எடுத்துவிடுகிறேன்.