அந்த ‘மாடல்’ வேறு

“மாடல் அடிப்படையிலான இடைமுகம் என்றால் ஏஐ நம் பழக்கத்தைப் படிப்பது, சில வாரம் டேட்டா சேர்ந்தால்தான் வேலை செய்யும்” என்று சிலர் நினைப்பது தவறு. இடைமுகம் என்பது விளக்கு, பூட்டு போன்ற வீட்டுக் கருவிகளை நாம் இயக்கும் திரை, பொத்தான், குரல் போன்றவை. இந்த மாடல் பயிற்சி கொடுத்து உருவாவதில்லை. வடிவமைப்பாளர் எழுதிவைக்கும் விவரிப்பு அது. 2003-இல் வந்த கமிலியன் (Cameleon) என்ற இடைமுக வடிவமைப்புச் சட்டகம் அதை நான்கு அடுக்காகப் பிரிக்கிறது: பணி, அருவ இடைமுகம் (எந்தக் கருவி என்று சொல்லாத வடிவம்), உருவ இடைமுகம் (குறிப்பிட்ட கருவிக்கான வடிவம்), கடைசியில் ஓடும் நிரல். “வெளிச்சத்தைக் கூட்டு, குறை” என்பது பணி. “எல்லைக்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடு” என்பது அருவம். அதுவே உருவ அடுக்கில் மொபைலில் ஸ்லைடர் ஆகும், சுவர்ப் பேனலில் இரண்டு பொத்தான்கள் ஆகும், குரலில் “நாற்பது சதவீதம்” ஆகும். முதல் நாளே வேலை செய்யும்.

வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட்டையே பாருங்கள். ஆன்-ஆஃப் மட்டும் உள்ள விளக்குக்கு ஸ்லைடர் வராது. விளக்கு தன் திறனை முன்பே அறிவித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

உண்மையில் சிக்கல் வரும் இடம் அளவுகோல். ஹோம் அசிஸ்டன்ட்டில் வெளிச்சம் 0–255, மேட்டர் (ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளுக்கான பொதுத் தரநிலை) விளக்குகளில் 1–254. மேட்டரில் 255 செல்லுபடியாகும் வெளிச்ச அளவே அல்ல. எண்ணை மாற்றாமல் அப்படியே அனுப்பினால் முழு வெளிச்சம் கேட்கும்போதுதான் கட்டளை பிழையாகும். ஆகவே மாடலில் சதவீதத்தை மட்டும் வையுங்கள், மாற்றத்தைக் கடைசி அடுக்கில் செய்யுங்கள்.

பழக்கம் பார்த்துப் பொத்தான்களை இடம் மாற்றுவதைக் கூடுதலாகச் சேர்க்கலாம்தான். ஆனால் திரையில் விரல் இருக்கும்போது மாற்றவே கூடாது: விளக்கைத் தொடப்போனவர் கதவுப் பூட்டைத் திறந்துவிடுவார். பூட்டும் கேஸ் வால்வும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.