அரிசி டப்பா கேமராவைக் காய வைக்காது

குற்றாலச் சாரலில் நனைந்த பிலிம் கேமராவை ராத்திரி முழுக்க அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரம் இறங்கிவிடும் என்று மேலே ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் அரிசி அந்த வேலையைச் செய்யாது.

அம்பை 16 ஆனாலும் பொன்னி ஆனாலும், கடை அரிசியிலேயே சுமார் 12 முதல் 14 சதவீதம் ஈரம் இருக்கும். அதைப் போட்டு மூடிய டப்பாவுக்குள் காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதுவே தாராளம். போதாததற்கு மாவுத் தூசி வேறு லென்ஸ் வளையத்துக்குள் போய் உட்காரும்; அதை எடுக்க மெக்கானிக்கிடம்தான் போகணும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி அரிசியோடு அதை வையுங்கள், மறு ராத்திரி ஈரத்தை உறிஞ்சும் புது சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். இரண்டு காலையிலும் மீட்டர் காட்டும் எண்ணை இங்கேயே போடுங்கள், பார்ப்போம். கேமராவை உள்ளே வைக்கவே தேவையில்லை.